படிவக் கட்டங்களின் வரலாறு

புணே நகரின் வடமேற்கே, முளா, பவனா என்னும் இரண்டு ஆறுகள் ஒன்றையொன்று நெருங்கி வரும் இடத்தில் அமைந்துள்ள ஊர் சாங்வி. பழைய சாங்வி, புதிய சாங்வி என்று இரு பிரிவாக வழங்கும் இவ்வூர் இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்குகிறது. ஆற்றைக் கடந்தால் ஔந்த்; மேற்கே சிறிது தொலைவில் ஹிஞ்சவடியின் கணிப்பொறி நிறுவனங்கள். பணியின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு இங்கே வந்து குடியமரும் தமிழ்க் குடும்பத்துக்கு இப்புதிய மண் முதன்முதலாக நீட்டும் பொருள் யாது? தண்ணீர்ச் செம்பு அன்று, படிவமே.

வாடகை வீட்டுக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். மராட்டியத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதனைப் பதிவு செய்தலும் கட்டாயம். இப்பதிவை இன்று கணிப்பொறி வாயிலாகவே முடித்துவிடலாம். அடுத்து எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. ஒவ்வொரு திரையிலும் வரிசை வரிசையாக வெண்ணிறக் கட்டங்கள். அக்கட்டங்கள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. சில எழுத்தை ஏற்கும், சில எண்ணை மட்டும் ஏற்கும். சில தேதியைக் கேட்கும், சில ஆம் அல்லது இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கேளா. இவ்வேறுபாடுகள் எங்கிருந்து வந்தன, அவற்றை வகுத்தோர் யாவர், அவற்றுள் தமிழ்ப் பெயர் படும் பாடு யாது என்பனவற்றை இன்று நாம் ஆராயப் புகுவோம்.

விடைக்கு வரம்பு கட்டும் வழக்கம் புதியதன்று. காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டவை, குடவோலைத் தேர்தலின் விதிகளை உரைக்கின்றன. வாரியத்துக்கு வர விரும்புவோன் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாக இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். 921-ஆம் ஆண்டு விதிப்படி அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதுதல் கூடாது. இன்றைய இணையப் படிவத்தில் எண்ணுக்குரிய கட்டத்தோடு 'மின்', 'மேக்ஸ்' என்னும் இரண்டு குறிப்புகளைச் சேர்த்தால், முதல் எண் கீழ் எல்லையாகவும் இரண்டாம் எண் மேல் எல்லையாகவும் நின்று காவல் புரியும். கல்லில் வெட்டிய முப்பத்தைந்தும் எழுபதும் செய்த வேலையும் அதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உத்தரமேரூரில் ஐயம் எழுந்தால் கேட்பதற்குச் சபையோர் கூடியிருந்தனர்.

அச்சிட்ட படிவம் நம் நாட்டில் மக்கள் வாழ்வினுள் பெருமளவில் நுழைந்தது குடிக்கணக்கோடுதான் எனலாம். 1872-ஆம் ஆண்டில் முதற்கணக்கு எடுக்கப்பட்டது. 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் நாடு முழுவதும் ஒரே காலத்தில் எடுத்த முதல் கணக்கு நிகழ்ந்தது. பெயர், அகவை, மதம், தாய்மொழி, தொழில் எனக் கட்டமிட்ட தாள்களைக் கணக்கெடுப்பாளர் வீடு தோறும் கொண்டு சென்றனர். அவர் கேட்பார், குடும்பத் தலைவர் சொல்லுவார், அவரே எழுதிக்கொள்ளுவார். விடை கட்டத்துக்குப் பொருந்தாவிடில் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதலாம். கட்டத்தை மீறிச் சிறிது வெளியேயும் எழுதலாம். தாள் பொறுமை மிக்கது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் படிவங்களைப் பொறியே வருடிக் கையெழுத்தைப் படிக்கும் முறை புகுத்தப்பட்டபோது, எண்களைக் கட்டத்துக்குள் அடக்கித் தெளிவாக எழுதுமாறு கணக்கெடுப்பாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. அப்பொழுதே ஓரம் சுருங்கத் தொடங்கியது. இணையப் படிவத்தில் ஓரம் என்பதே இல்லாமற் போயிற்று. கேட்பவரும் போனார், எழுதுபவரும் போனார், நாமும் கட்டமுமே எஞ்சினோம்.

சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989-ஆம் ஆண்டில் உலகளாவிய வலை என்னும் அமைப்புக்கு வரைவு தந்தார். அதில் ஏடுகளை எழுதுதற்கு அமைந்த குறியீட்டு மொழியே எச்.டி.எம்.எல். எனப்படுவது. தொடக்கத்தில் அது படிப்பதற்கு மட்டுமே உரியதாக இருந்தது. படிப்பவர் திருப்பிச் சொல்வதற்கு ஒரே ஒரு வழிதான்: தேடற்சொல் ஒன்றை எழுதும் ஒற்றைக் கட்டம். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுமையம் வெளியிட்ட மொசைக் என்னும் உலாவியில் நிரப்பத்தக்க படிவங்கள் தோன்றின. அதே ஆண்டில் டேவ் ராகெட் என்பவர் வரைந்த எச்.டி.எம்.எல். பிளஸ் என்னும் முன்வரைவிலும் அவை இடம் பெற்றன. இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி, பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் பதிப்பித்த எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பு 1995-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது.

அதில் 'இன்புட்' என்னும் ஒரே குறி எட்டு வேடம் பூண்டது. வேடத்தைக் குறிப்பது 'டைப்' என்னும் பண்பு. எழுத்துக்கட்டம், மறைசொற்கட்டம், குறியிடும் பெட்டி, ரேடியோப் பொத்தான், படப் பொத்தான், மறைவுக்கட்டம், அனுப்பும் பொத்தான், அழித்து மீளும் பொத்தான் என்பன அவ்வெட்டு. அதே மாதத்தில் வந்த மற்றோர் ஆவணம் கோப்பினை இணைத்து அனுப்பும் வகையையும் வகுத்தது.

இவற்றுள் ரேடியோப் பொத்தானின் பெயர்க்காரணம் வானொலி நேயர்களுக்கு இனிக்கும். பழைய மோட்டார் வண்டிகளில் பொருத்திய வானொலிப் பெட்டிகளில் நிலையத்துக்கு ஒன்றாகச் சில பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை அழுத்தினால் முன்னர் அழுந்தியிருந்த மற்றொன்று தானே மேலெழும்பி விடும். ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களைக் கேட்க முடியாது அன்றோ? பலவற்றுள் ஒன்றையே தேர்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இவ்வமைப்பு நன்கு பொருந்திற்று. பெயரும் அதுவாகவே நிலைத்தது. திரையில் இது வட்டமாகக் காணப்படும். குறியிடும் பெட்டியோ சதுரம். அதில் எத்தனை வேண்டுமானாலும் தேரலாம்.

வட்டத்துக்கும் சதுரத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றும், விளைவு சிறிதன்று. வீட்டில் பேசும் மொழி யாது என்று பள்ளிப் படிவம் வினவுகிறது என்று கொள்வோம். வட்டங்களாக அமைத்தால், தாய் தமிழும் தந்தை மராட்டியும் பேசும் இல்லத்துக் குழந்தை ஒரு மொழியை விட்டுவிட வேண்டும். சதுரங்களாக அமைத்தால் இரண்டையும் சொல்லலாம். வினாவின் சொற்கள் மாறவில்லை. கட்டத்தின் வகை மாறியது. குழந்தையின் இல்லமே வேறாயிற்று. சதுரத்துக்கு மற்றோர் இயல்பும் உண்டு. குறியிடாமல் விட்ட சதுரம் படிவத்தை அனுப்பும்போது ஒன்றும் உரையாது. 'இல்லை' என்ற விடையும், 'இவ்வினாவை நான் காணவே இல்லை' என்ற நிலையும் பெறுபவருக்கு ஒரே மௌனமாகவே சென்று சேரும். அம்மௌனத்தை இசைவு என்றோ மறுப்பு என்றோ பின்னர்ப் பொருள் கொள்ளுபவர் வேறொருவர்.

மறைசொற்கட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நாம் எழுதுவது புள்ளிகளாகத் தோன்றுவதால் அது பூட்டிய பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். அருகில் நிற்பவர் கண்ணுக்கே அம்மறைப்பு. கம்பி வழியே செல்லுகையில் காக்கும் திறன் அக்கட்டத்துக்கு இல்லை. அக்காவலைத் தருவது பக்கத்தின் முகவரியில் காணும் பாதுகாப்பு இணைப்பே. மறைவுக்கட்டமும் அத்தகையதே. திரையில் அது தெரியாது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்ப்பவர் எவருக்கும் தெரியும்.

எட்டு வகைகளைக் கொண்டே உலகம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளை ஓட்டியது. தேதியாயினும், தொலைபேசி எண்ணாயினும், மின்னஞ்சலாயினும் எல்லாம் எழுத்துக்கட்டத்திலேயே எழுதப்பட்டன. 2004-ஆம் ஆண்டில் ஆப்பிள், மொசில்லா, ஓபரா நிறுவனங்களைச் சேர்ந்தோர் கூடி அமைத்த குழு புதிய வகைகளை வகுக்கத் தொடங்கியது. அவற்றை உட்கொண்ட ஐந்தாம் பதிப்பு 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் முறையாக ஏற்கப்பட்டது. இன்று நிலவும் தரத்தில் 'இன்புட்' குறிக்கு 22 வகைகள் உள்ளன. இவற்றை வகுத்தோர் செய்த ஏற்பாடு ஒன்று பாராட்டத்தக்கது. புதிய வகை ஒன்றைப் பழைய உலாவி அறியாவிடில் அது திகைத்து நிற்காது. அதனைச் சாதாரண எழுத்துக்கட்டமாகவே எண்ணி ஏற்றுக்கொள்ளும். தெரியாத விருந்தினரையும் திண்ணையில் அமர்த்தும் பண்பு இது.

தேதிக்கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 3/4 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. தேதிக்கட்டம் இம்மயக்கத்தைத் தீர்க்கிறது. பார்ப்பவர் நாட்டு வழக்கப்படி காட்டி, அனுப்பும்போது ஆண்டு, திங்கள், நாள் என்னும் ஒரே வரிசையில் அனுப்புகிறது. நன்று. ஆனால் மகனோடு சாங்விக்கு வந்து சேர்ந்த மூதாட்டி ஒருவர், விகிர்தி ஆண்டு ஆவணித் திங்கள் பூச நட்சத்திரத்தில் பிறந்ததாகச் சொல்லுவார். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அதற்கு முன் சிற்றூரில் பிறந்த பலருக்குச் சான்று ஏது? எனினும் மூதாட்டி சொன்னது தெளிவற்ற சொல்லன்று. விகிர்தி ஆவணி என்றால் 1950-ஆம் ஆண்டு ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. நட்சத்திரத்தையும் சேர்த்தால் பஞ்சாங்கம் நாளையே காட்டிவிடும். கட்டமோ அவ்வழக்கை அறியாது. அவசரத்தில் மகன் ஜனவரி ஒன்று என்று எழுதுவார். நாடெங்கும் ஜனவரி முதல் நாளில் பிறந்தவராகப் பதிவுற்ற முதியோர் பலர் இருப்பதற்கு இதுவே காரணம், கோள்நிலை காரணமன்று. ஆதார் அமைப்பு தன் தொடக்கக் காலத்தில், நாள் தெரியாதோர்க்குப் பிறந்த ஆண்டை மட்டும் அட்டையில் அச்சிட்டது. முழுமையாகத் தெரியாததைத் தெரியாததாகவே ஏற்றுக்கொண்ட அம்முறை, பொய்யான ஒரு நாளை எழுதச் செய்வதினும் நேர்மையானது என்பது நம் கருத்து.

எண்ணுக்கட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணால் எழுதப்படுவன எல்லாம் எண் ஆகா. நம் நாட்டின் அஞ்சல் குறியீட்டு எண் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் என்னும் மராட்டியப் பெருமகனார். வடமொழியில் கவிதை பாடியவரும் கூட. அவர் அமைப்பில் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். சென்னையின் எண்கள் 600 என்றும், புணேயின் எண்கள் 411 என்றும் தொடங்கும். தமிழகத்திலிருந்து இங்கு வந்தவர் முகவரியில் ஆறு நான்காகிறது. ஆனால் 600-இலிருந்து 411-ஐக் கழித்துப் பார்ப்பார் எவரும் இலர். கூட்டவும் கழிக்கவும் இயலாதது எண் போன்ற பெயரே, எண் அன்று. அதனை எண்ணுக்கட்டத்தில் இட்டால், கட்டத்தின் ஓரத்தில் ஏற்றவும் இறக்கவும் அம்புக்குறிகள் தோன்றும். சுட்டியின் சக்கரம் தற்செயலாக உருண்டால் அஞ்சல் எண் ஒன்று கூடிவிடும். தொலைபேசியில் புணேக்குரிய 020, சென்னைக்குரிய 044 ஆகியவற்றைக் கணிப்பொறி எண்ணாகக் கருதினால் முதற்சுழி பயனற்றதென்று உதிர்ந்துபோகும். ஆதலின் அஞ்சல் எண் போன்றவற்றுக்கு எண்ணுக்கட்டம் தகாது என்று தரநூலே எச்சரிக்கிறது. எழுத்துக்கட்டத்தையே வைத்து, கைப்பேசியில் எண் விசைகள் தோன்றுமாறு மட்டும் குறிப்புத் தருதல் முறை. தொலைபேசிக்கென அமைந்த கட்டமோ எந்த வடிவத்தையும் வற்புறுத்துவதில்லை. நாட்டுக்கு நாடு எண் வேறுபடும் என்பதை அதனை வகுத்தோர் உணர்ந்திருந்தனர்.

பெயரில் அவ்வுணர்வு தொடக்கத்தில் இருந்ததா என்பதே இனி நாம் காண வேண்டுவது. 'பெயர்' என்று ஒரு தனி வகை 22 வகைகளுள் இல்லை. எழுத்துக்கட்டமே பெயருக்கும் உரியது. அதனை ஒன்றாக வைப்பதா, மூன்றாகப் பிரிப்பதா, எதனைக் கட்டாயமாக்குவது என்பனவெல்லாம் படிவம் எழுதுபவர் கையில். மேனாட்டார் முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப்பெயர் என்று மூன்றாகப் பிரித்தனர். மராட்டியருக்கு இது பெரிதும் பொருந்தியது. அவர் மரபில் தன் பெயர், தந்தை பெயர், 'ஆட்நாவ்' எனப்படும் குடும்பப் பெயர் என்று மூன்று உறுப்புகள் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே முதல் நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்னும் வரிசையில் எழுத வேண்டும் என்று மராட்டிய அரசு முடிவு செய்துள்ளது. தாயின் பெயருக்கு இடம் கிடைத்தது மகிழ்தற்குரியது. குடும்பப் பெயர் இறுதியில் நின்ற நிலையிலேயே நிற்கிறது.

தமிழரிடம் இன்று பெரும்பான்மையோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னே இட்டுத் தன் பெயரை எழுதுவதே நம் வழக்கு. இது ஏதோ ஒரு குறைபாடு, பெயரின் வால் அறுந்துபோன நிலை என்று அயலார் எண்ணுவதுண்டு. படிவமும் அவ்வாறே எண்ணுகிறது. ஆனால் இவ்வெற்றிடத்துக்கு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் நம்மவர் பெயரின் ஈற்றிலும் சாதிப் பட்டம் நின்றது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதியைக் காட்டும் பட்டங்களைப் பெயரோடு சேர்த்தலை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. தலைவர் சிலர் அப்பொழுதே தம் பட்டங்களைத் துறந்தனர். பின்னர் இரண்டு தலைமுறைகளில் அவ்வழக்கம் தமிழகத்தில் பரவி வேரூன்றியது. ஆகவே கடைசிப் பெயருக்குரிய கட்டத்தைத் தமிழர் வெறுமையாக விடும்போது அங்கே ஒன்றும் இல்லை என்பது பொருளன்று. வேண்டாவென்று நீக்கிய ஒன்றன் இடம் அது.

இணையப் படிவம் அதனை அறியுமா? எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பில் 'ரிக்கொயர்டு' என்று ஒரு பண்பு உண்டு. கட்டத்தின் குறியோடு அச்சொல்லைச் சேர்த்துவிட்டால், அக்கட்டம் நிரம்பாத வரையில் உலாவி படிவத்தை அனுப்ப மறுக்கும். ஒரே ஒரு சொல். அதனைக் கடைசிப் பெயருக்கு இட்டவர் தீங்கு நினைத்து இட்டவர் அல்லர். தம் ஊரில் எல்லாருக்கும் அஃது இருக்கக் கண்டவர், அவ்வளவே.

முருகேசன் மகன் செல்வம் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஊரில் அவர் மு. செல்வம். சாங்விக்கு வந்து வங்கிப் படிவத்தை நிரப்புகையில் கடைசிப் பெயர் இன்றி அது நகராது. 'எம்' என்று ஓரெழுத்தை இடுகிறார். மற்றொரு படிவம் ஓரெழுத்தை ஏற்காது. 'முருகேசன்' என்று விரித்து எழுதுகிறார். வருமான வரித் துறையின் நிலைக்கணக்கு எண்ணுக்கான 49ஏ படிவம் தலைப்பெழுத்துகளை ஒப்பாதிருந்தது. கடவுச்சீட்டு விண்ணப்பமும் விரித்தெழுதவே கேட்கிறது. வேறொரு படிவத்தில் வேறு வழியின்றிச் செல்வம் செல்வம் என்று இருமுறை எழுதுகிறார். சில மாதங்களில் ஒரே மனிதருக்கு நான்கு பெயர்கள். அலுவலகத்தில் அவரை முருகேசன் என்று விளிக்கின்றனர். ஊரில் இருக்கும் தந்தையையே யாரோ அழைப்பதுபோல் அவருக்குக் கேட்கிறது. மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது அவள் கடைசிப் பெயர் செல்வம். தந்தையின் கடைசிப் பெயர் முருகேசன். தந்தைக்கும் மகளுக்கும் குடும்பப் பெயர் ஏன் வேறு என்று எழுத்தர் வினவுகிறார். அவ்வினாவில் பகை இல்லை. ஆனால் பணியை விட்டு வைப்புநிதியைத் திரும்பப் பெறும் நாளில், ஆவணங்களின் பெயர்கள் ஒத்துவரவில்லை என்று பொறி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது, உழைத்துச் சேர்த்த பொருள் ஒரு கட்டத்தின் பொருட்டுக் காத்துக் கிடக்கிறது.

மத்திய அரசின் படிவங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் இருக்கும் நாம் இதில் சிறிது நேரம் தங்கிச் செல்லுதல் பொறுத்தருளப்படும் என்று நம்புகிறோம். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் மத்திய அரசு அலுவலகங்களின் படிவங்களை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைக்கப் பணிக்கின்றன. அவ்விதிகள் தமிழ்நாடு நீங்கலாக நாடு முழுமைக்கும் உரியவை. தமிழில் ஒரு படிவத்தைப் பெயர்க்கும்போது 'கடைசிப் பெயர்' என்று எழுதுவது எளிது; சொல்லுக்குச் சொல் சரியானதே. எனினும் அதனைப் படிக்கும் தமிழர், தம் பெயரின் கடைசிச் சொல் செல்வம் என்பதால் அங்கே செல்வம் என்றே எழுதுவார், அவரும் சரியே. குடும்பப் பெயர் என்றால் இல்லாத ஒன்றைத் தேடுவார். சொல் எத்துணைத் திருத்தமாயினும், கட்டம் தவறாயின் மொழிபெயர்ப்பாளனால் ஆவது ஒன்றுமில்லை. மேசையின் மறுபுறத்தில், கட்டத்தை வகுத்தவரிடந்தான் திருத்தம் தொடங்க வேண்டும்.

அத்திருத்தம் தொடங்கியும் உள்ளது. இன்றைய எச்.டி.எம்.எல். தரநூல், முதற்பெயர், கடைசிப்பெயர் என்று குறுக்கிப் பிரிக்கும் கட்டங்கள் மேனாட்டு வழக்கையே எங்கும் திணிப்பன என்பதையும், ஒற்றைப் பெயர் உடையோரும் உலகில் பலர் என்பதையும் எடுத்துரைத்து, முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதே நெகிழ்வுடையது என்று அறிவுறுத்துகிறது. ஆதார் பதிவிலும் பெயர் ஒரே கட்டமே. முதல் ஆதார் எண் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் வழங்கப்பெற்றது இதே மராட்டியத்தில், நந்துர்பார் மாவட்டத்துத் தேம்ப்ளி என்னும் பழங்குடிச் சிற்றூரில். கடைசிப் பெயர் கேளாத அக்கட்டம் தமிழருக்கும் பழங்குடியினருக்கும் ஒருங்கே உதவியது.

பெயரைப் பிரிப்பது ஒரு தொல்லை. அதனைத் தமிழெழுத்தில் எழுதுவது மற்றொன்று. இதற்குரிய வரலாற்றின் ஒரு பகுதி சாங்விக்கு அருகிலேயே நிகழ்ந்தது. 1988-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சி-டாக் என்னும் உயர்கணினி வளர்ச்சி மையம் ஆற்றுக்குத் தெற்கே புணே பல்கலைக்கழக வளாகத்தில் பணியாற்றியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்த இந்திய எழுத்துத் தொழில்நுட்பம் அம்மையத்தில் வளர்ந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான 'இஸ்கி' என்னும் குறியீடு 1991-ஆம் ஆண்டில் இந்தியத் தரமாயிற்று. அதன் முந்தைய 1988-ஆம் ஆண்டு வடிவத்தை அடியொற்றியே யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டிலும் தமிழுக்கு இடம் அமைந்தது.

அவ்வமைப்பில் அகரம் ஏறியவை நீங்கலாக உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. அகரம் ஏறிய மெய்யின் எண்ணும் உயிர்க்குறியின் எண்ணும் அடுத்தடுத்து நின்று ஓரெழுத்தாகும். புள்ளிக்கும் தனி எண். 'தமிழ்ச்செல்வி' என்னும் பெயரை நாம் எண்ணினால் ஏழெழுத்து. பொறி எண்ணினால் பதின்மூன்று. படிவக் கட்டத்துக்கு 'மேக்ஸ்லெங்த்' என்று ஒரு பண்பு உண்டு; இத்தனை எழுத்துக்கு மேல் ஏற்காதே என்பது அதன் கட்டளை. பத்து என்று வரம்பிட்ட கட்டத்தில் ஏழெழுத்துப் பெயர் நுழையாது என்று சொன்னால் தொல்காப்பியம் பயின்றவர் நகைப்பார். ஆயினும் அதுவே உண்மை. சில படிவங்கள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளுக்கு வெளியே எதனையும் ஏற்காவாறு 'பேட்டர்ன்' என்னும் பண்பினால் வேலியிடுகின்றன. மின்னஞ்சலுக்குரிய கட்டத்திலும் இதே நிலை. '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்று முடியும் தமிழ் இணையப் பெயர்கள் 2011-ஆம் ஆண்டிலேயே இசைவு பெற்றன, '.இலங்கை' அதற்கு ஓராண்டு முந்தியது. முகவரியின் முற்பகுதியையும் தமிழில் எழுத 2012-ஆம் ஆண்டில் விதி வகுத்தாயிற்று. ஆனால் மின்னஞ்சல் கட்டத்துக்குத் தரநூல் தரும் சோதனை, அம்முற்பகுதியில் ஆங்கில எழுத்தையே எதிர்பார்க்கிறது.

ஆங்கில எழுத்தில் எழுதித் தப்பலாம் என்றாலோ சிறப்பு ழகரம் முன்னே வந்து நிற்கும். எழிலரசி என்பதை ஆங்கிலத்தில் எழுதக் கையாளும் ஈரெழுத்தைத் தேவநாகரியில் பெயர்க்கும் எழுத்தர், அதனை ஜகரத்தின் அழுத்தமான ஒலியாகக் கொண்டு 'எஜிலரசி' என்பதுபோல் எழுதிவிடுவார். மராட்டியில் நம் ளகரத்துக்கு நேரான எழுத்து உயிரோடு வழங்குகிறது. ழகரத்துக்கோ தேவநாகரியில் புள்ளியிட்ட ஓரெழுத்து அமைத்து வைத்திருந்தும் அதனைப் பயன்படுத்துவார் அரியர்.

இவற்றையெல்லாம் எழுதுபவர் எங்கோ கடல் கடந்து இருப்பவர் என்று நினைப்பதற்கும் இல்லை. சாங்வியிலும் அதன் சூழலிலும் குடியிருந்து நாள்தோறும் ஹிஞ்சவடிக்குச் செல்லும் இளைஞருள் பலர் இத்தகைய படிவங்களை எழுதுவோரே. அவருள் தமிழரும் உளர். தம் பெயரைச் சிதைத்த படிவத்தைக் கண்டு காலையில் நொந்துகொண்டவரே, மாலையில் மற்றொரு நிறுவனத்தின் படிவத்தில் கடைசிப் பெயருக்கு 'ரிக்கொயர்டு' என்று சேர்ப்பதும் நிகழக்கூடும். ஏனெனில் பழைய மாதிரியை அப்படியே எடுத்தாளுதல் இத்தொழிலின் இயல்பு. அச்சொல்லை நீக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். மூன்று கட்டங்களை ஒன்றாக்கச் சிறிது அதிகம் உழைக்க வேண்டும். பின்னணியில் உள்ள பட்டியலும் மாற வேண்டும் அன்றோ? பிரித்தே தீர வேண்டுமாயின், பிறர் நம்மை எவ்வாறு விளிக்க வேண்டும் என்பதற்குத் தனியே ஒரு கட்டம் வைக்கலாம். செல்வத்தை முருகேசன் என்று அழைக்கும் நிலை அதனால் நீங்கும். படிவத்தை நிரப்பும் நம்மவர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கடவுச்சீட்டிலோ ஆதாரிலோ முதன்முதலாக எழுதிய வடிவத்தை ஒரு தாளில் எழுத்துப் பிசகாமல் குறித்து வைத்து, அடுத்து வரும் எல்லாப் படிவங்களிலும் அதனையே எழுதுதல். பிள்ளைகளின் பெயருக்கும் அவ்வாறே செய்தல்.

அடுத்த குடிக்கணக்குக்கு 2027-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு 2025-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அறிவிக்கை வெளிவந்தது. இக்கணக்கெடுப்பில் தாளுக்கு மாறாகக் கணிப்பொறிப் படிவம் பயன்படும் என்றும், விரும்புவோர் தம் விவரங்களை இணையத்தில் தாமே நிரப்பலாம் என்றும் அறிவித்துள்ளனர். 1881-ஆம் ஆண்டில் வாயிலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டவரின் இடத்தில் அப்பொழுது திரை இருக்கும். தாய்மொழி என்னும் கட்டத்துக்கு வரும்போது, புணேயில் இருக்கிறோம் என்பதற்காகத் தயங்காமல், தமிழ் என்று எழுதுங்கள்.